கத்தி எப்போது?

எங்கட மாமா வயல்காரர். சம்மாந்துறையில் வேளாண்மை வெட்டு முடிஞ்ச கையோட நாரி நோவு தொடங்கி, இடது காலுக்கு இறங்கிட்டு. ஏழு கிழமையாகியும் குறையல்ல. எம்ஆர்ஐ ஸ்கேனில் டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துறது தெரிஞ்சது. வீட்டில் இரண்டு கட்சி. "ஒப்பரேஷன் செஞ்சிட்டா கதை முடியும்" என்டு மாமி. "முள்ளந்தண்டில கத்தி வெச்சா நடக்க ஏலாது" என்டு மூத்தம்மா. வரலாறு படிக்கிற ஆள் என்பதால், இந்தச் சண்டைக்கு எத்தனை வயசு என்று தேடிப் பார்த்தேன். தொண்ணூறு தாண்டிட்டு!

1934இல் பொஸ்டனில் வில்லியம் மிக்ஸ்டர், ஜோசப் பார் என்ற இரு மருத்துவர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதுவரை நரம்பை அழுத்தும் அந்தத் துண்டைக் கட்டி என்றே பலர் நினைத்திருந்தார்கள். கட்டியல்ல, எலும்புகளுக்கிடையே உள்ள டிஸ்க்தான் பிதுங்கியிருக்கிறது, அதை அகற்றினால் கால்நோவு தீரும் என்று இவர்கள் காட்டினார்கள். காரணம் கிடைத்ததும் கத்திக்கு மவுசு கூடியது. நம்ம பக்கத்தில், 1949இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதல் நரம்பு அறுவைப் பிரிவைத் தொடங்கினார். கத்தி கிட்ட வந்துவிட்டது. ஆனால் யாருக்கு, எப்போது என்ற கேள்வி அப்படியே நின்றது.

நோர்வேயில் ஹென்ரிக் வெபர் அதைச் சோதித்துப் பார்த்தார். ஒப்பரேஷன் தேவையா இல்லையா என்று தீர்மானிக்க முடியாத 126 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார். 1983இல் முடிவு வந்தது. முதல் வருசத்தில் ஒப்பரேஷன் செய்தவர்கள் முந்தியிருந்தார்கள். நான்காம் வருசத்தில் இடைவெளி சுருங்கிவிட்டது. பத்தாம் வருசத்தில் வித்தியாசமே இல்லை.

2007இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில் இருந்தவர்கள் மாமாவைப் போல 6 முதல் 12 கிழமை கால்நோவு அனுபவித்தவர்கள். உடனே ஒப்பரேஷன் செய்தவர்கள் சுமார் 4 கிழமையில் சுகமானார்கள். காத்திருந்தவர்களுக்கு 12 கிழமை எடுத்தது. ஒரு வருசத்தில் இரு பக்கமும் 95 சதவீதம் பேர் சுகம். காத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேர் அந்த வருசத்துக்குள் ஒப்பரேஷனுக்குப் போனதும் உண்மை.

அப்போ மாமியும் சரி, மூத்தம்மாவும் சரியா? இரண்டு பேருமே பாதிதான். அனேகருக்கு ஒப்பரேஷன் தருவது வேறொரு முடிவை அல்ல, அதே முடிவைக் கொஞ்சம் முந்தி. பத்து வருசக் கணக்கில் அந்த எட்டுக் கிழமை ஒன்றுமில்லை. சிறுபோகத்துக்கு வயலில் இறங்கவேண்டியவருக்கு அது முழு வருமானம். ஆனா ஒப்பரேஷன் செய்தாலும் அடுத்த நாளே நெல் மூட்டை தூக்க ஏலாது. அதையும் கணக்கில் சேர்க்கணும்.

ஒரு இடத்தில் மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. சிறுநீர், மலம் கட்டுப்பாடு போனால், இரு தொடைக்கும் நடுவில் மரத்துப்போனால், கால் பலம் நாளுக்கு நாள் குறைந்தால் வீட்டில் வாதம் வேண்டாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

மாமாவுக்கு அப்படி எதுவும் இல்லை. இன்னும் ஆறு கிழமை பார்ப்பது என்று முடிவெடுத்திருக்கிறார். மாமி கலண்டரில் திகதியை வட்டமிட்டு வைத்திருக்கிறா. மூத்தம்மா ஒன்றும் சொல்லல்ல.