நுரையீரல் புற்றுநோய்: இடர்க்காரணிகளும் நோயாளிகளின் மனநலமும்

நுரையீரல் புற்றுநோய் என்பது மூச்சுக்குழல்களிலோ நுரையீரல் திசுவிலோ உள்ள செல்கள் கட்டுப்பாடின்றிப் பெருகுவதால் உண்டாகும் நோய். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் மதிப்பீட்டின்படி 2022-இல் உலகெங்கும் சுமார் 24.8 லட்சம் பேருக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. சுமார் 18 லட்சம் பேர் இறந்தனர். புற்றுநோய் இறப்புகளில் முதலிடம் இதற்கே. சிறுசெல் வகை, சிறுசெல் அல்லாத வகை என இது இருவகைப்படும்; நோயாளிகளில் சுமார் 85 விழுக்காட்டினருக்கு இருப்பது பிந்தைய வகை.

இடர்க்காரணிகள்

முதன்மைக் காரணி புகையிலை. 1950-இல் பிரிட்டனில் ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்டு ஹில் ஆகியோரும், அமெரிக்காவில் எர்ன்ஸ்ட் வைண்டர், எவார்ட்ஸ் கிரஹாம் ஆகியோரும் தனித்தனியே வெளியிட்ட ஆய்வுகள் இத்தொடர்பை உறுதியாகக் காட்டின. நெடுங்காலம் புகைபிடித்துவந்த அறுவை மருத்துவரான கிரஹாம் 1957-இல் இதே நோயால் இறந்தார். சிகரெட், பீடி, சுருட்டு ஆகியவற்றோடு, பிறர் விடும் புகையைச் சுவாசிப்பதும் இடரைக் கூட்டும்.

புகைபிடிக்காதவர்களுக்கும் இந்நோய் வரும். மண்ணிலும் பாறையிலும் உள்ள யுரேனியம் சிதைவதால் வெளிப்படும் ரேடான் வாயு, கல்நார்த் தூசி, குடிநீரில் கலந்த ஆர்செனிக் ஆகியன அறியப்பட்ட காரணிகள். கல்நார்த் தூசிக்கு ஆளானவர் புகையும் பிடித்தால் இடர் பலமடங்காகும். டீசல் புகையை 2012-இலும், வெளிப்புறக் காற்று மாசை 2013-இலும் மேற்கண்ட முகமை புற்றுநோய்க் காரணிகளாக வகைப்படுத்தியது. சீனாவின் யுன்னான் மாகாணத்துச் சுவான்வெய் பகுதியில், புகை மிகுந்த நிலக்கரியை வீட்டுக்குள் எரித்துச் சமைத்த பெண்களிடம் இந்நோய் மிக அதிகமாகக் காணப்பட்டது. அவர்களில் பெரும்பாலோர் புகைபிடிக்காதவர்கள். அடுப்புகளுக்குப் புகைபோக்கி அமைத்த வீடுகளில் பாதிப்பு குறைந்தது.

மனநலம்

நோயாளிகளிடம் மனச்சோர்வும் பதற்றமும் பரவலாக உள்ளன. மூச்சுத்திணறல் பதற்றத்தைத் தூண்ட, பதற்றம் திணறலை மேலும் கூட்டுகிறது. தற்கொலை இடர் பொதுமக்களிடம் உள்ளதைவிட அதிகம். நோய் கண்டறியப்பட்டதை அடுத்த மாதங்களில் கூடுதல் கவனம் தேவை.

"தானே தேடிக்கொண்ட நோய்" என்ற பேச்சு பிற புற்றுநோய்களைவிட இதில் மிகுதி. புகைபிடித்தவர் குற்றவுணர்வில் உழல்கிறார். புகைபிடிக்காதவரும் "புகைபிடித்தீர்களா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியுள்ளது. சிலர் அறிகுறிகளை மறைத்து, சிகிச்சையைத் தள்ளிப்போடுகின்றனர்.

களைப்பு, பசியின்மை, தூக்கமின்மை ஆகியன புற்றுநோய்க்கும் மனச்சோர்வுக்கும் பொதுவானவை என்பதால் மனச்சோர்வைப் பிரித்தறிவது கடினம். எனவே 1983-இல் சிக்மண்ட், ஸ்னெய்த் ஆகியோர் வகுத்த வினாநிரல் உடல் அறிகுறிகளைத் தவிர்த்து மனநிலையை மட்டும் அளக்கிறது.

ஆதரவு சிகிச்சை

பாஸ்டனில், நோய் பிற உறுப்புகளுக்குப் பரவிய 151 பேரிடம் நடந்த ஆய்வு 2010-இல் வெளியானது. வழக்கமான சிகிச்சையோடு தொடக்கத்திலிருந்தே வலிதணிப்புச் சிகிச்சையும் பெற்றவர்களில் 16 விழுக்காட்டினரிடமே மனச்சோர்வு அறிகுறிகள் இருந்தன. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் இது 38 விழுக்காடு. உயிர்வாழ்ந்த காலத்தின் இடைநிலை அளவும் 8.9 மாதங்களுக்குப் பதில் 11.6 மாதங்களாக இருந்தது.

நோய் கண்டறியப்பட்ட பிறகு புகைப்பதை நிறுத்தினாலும் பலன் உண்டு. ஆகவே புகைப்பழக்கம் பற்றிய மருத்துவரின் கேள்வி, பழி சுமத்தும் தொனியின்றி, நிறுத்துவதற்கான உதவியோடு சேர்ந்து வர வேண்டும்.