ரோட்ஸ் உதவித்தொகை

இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புப் படிக்கப் பிறநாட்டு மாணவர்களுக்கு வழங்கப்படும் உதவித்தொகை. சிசில் ரோட்ஸ் எழுதிவைத்த உயிலின்படி ஏற்பட்டது. முதல் மாணவர்கள் 1903-இல் ஆக்ஸ்போர்டு வந்து சேர்ந்தார்கள். கல்விக் கட்டணத்தோடு தங்கிப் படிக்கும் செலவும் இதில் அடங்கும். யார் விண்ணப்பிக்கலாம், யாரைத் தேர்ந்தெடுப்பது என்ற வழக்கு அன்று தொடங்கி ஓயாமல் நடந்துவருகிறது. இந்த உதவித்தொகையின் வரலாறு என்பது பெரும்பாலும் அந்த வழக்கின் வரலாறுதான்.

ரோட்ஸ் ஒரு பாதிரியாரின் மகன். 1870-இல் தென்னாப்பிரிக்கா போய், கிம்பர்லி வைரச் சுரங்கங்களில் பொருள் சேர்த்தார். இடையிடையே ஆக்ஸ்போர்டின் ஓரியல் கல்லூரியில் படித்துப் பட்டமும் பெற்றார். 1888-இல் டி பீர்ஸ் வைர நிறுவனத்தை உருவாக்கினார். 1890 முதல் 1896 வரை கேப் குடியேற்ற நாட்டின் பிரதமராக இருந்தார். அவர் கொண்டுவந்த 1894-ஆம் ஆண்டின் கிளென் கிரே சட்டம் ஆப்பிரிக்கரின் நில உரிமையைச் சுருக்கி, அவர்களைக் கூலி வேலைக்குத் தள்ளியது. கிம்பர்லியில் கறுப்பினத் தொழிலாளர்கள் ஒப்பந்தக் காலம் முடியும்வரை வேலியிட்ட வளாகங்களுக்குள் அடைத்துவைக்கப்பட்டார்கள். வைரம் கடத்துகிறார்களா என்று பார்க்க, வெளியேறும்போது அவர்கள் உடலைச் சோதித்தார்கள். உதவித்தொகைக்கான பணம் வந்த வழி இதுதான். இதைச் சொல்லாமல் இந்த நிதியின் பெருமையைப் பேசுவது நியாயமாகாது.

1899-இல் எழுதிய இறுதி உயிலில், புத்தகப்புழுக்கள் தமக்கு வேண்டாம் என்றார் ரோட்ஸ். கல்வித் தேர்ச்சி; கிரிக்கெட், கால்பந்து போன்ற ஆட்டங்களில் ஈடுபாடு; வாய்மை, துணிவு, எளியோரைக் காக்கும் பரிவு ஆகிய குணங்கள்; தலைமை தாங்கும் இயல்பு என நான்கு தகுதிகளைக் கேட்டார். பிரிட்டிஷ் குடியேற்ற நாடுகள் சிலவற்றுக்கும் அமெரிக்க மாநிலங்களுக்கும் இடம் ஒதுக்கினார். பின்னிணைப்பில் ஜெர்மனியையும் சேர்த்தார். ஆண்டுக்கு 300 பவுன், ஜெர்மானியருக்கு 250 பவுன். பேரரசின் மிகப் பெரிய பகுதியாக இருந்த இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை.

1902 மார்ச் 26-இல் ரோட்ஸ் இறந்தார். கனடாவைச் சேர்ந்த ஜார்ஜ் பார்க்கின் என்பவர் நாடு நாடாகச் சென்று தேர்வு முறைகளை வகுத்தார். தொடக்க காலத்தில் ஆக்ஸ்போர்டின் நுழைவுத் தகுதிக்கு லத்தீனும் கிரேக்கமும் தேவைப்பட்டன. கிரேக்கம் கற்பிக்கும் பள்ளி கிடைக்காத ஊர்களின் திறமைசாலிகளுக்கு இது பெரும் தடை. 1920-இல் கிரேக்கக் கட்டாயம் நீங்கியது.

இன, மத வேறுபாடு பார்க்கக் கூடாது என்று உயிலில் ஒரு விதி உண்டு. ஆங்கிலேயரையும் தென்னாப்பிரிக்காவின் டச்சு வழி வெள்ளையரான போயர்களையும் மனத்தில் கொண்டு எழுதப்பட்ட விதி அது. ஆனால் எழுத்தில் நின்றுவிட்டதால், எழுதியவர் எண்ணாத ஒருவருக்கு அது கைகொடுத்தது. 1907-இல் பென்சில்வேனியா தேர்வுக் குழு, ஹார்வர்டில் படித்த ஆலன் லாக் என்ற கறுப்பின மாணவரைத் தேர்ந்தெடுத்தது. அமெரிக்கத் தென்மாநிலங்களிலிருந்து வந்திருந்த ரோட்ஸ் மாணவர்கள் எதிர்த்தார்கள். உதவித்தொகையை நிர்வகித்த அறங்காவலர்கள் தேர்வை மாற்ற மறுத்தார்கள். ஆக்ஸ்போர்டின் பல கல்லூரிகள் அவருக்குக் கதவடைத்த பின் ஹெர்ட்ஃபோர்டு கல்லூரி சேர்த்துக்கொண்டது. அந்த ஆண்டு அங்கிருந்த அமெரிக்க மாணவர்கள் நடத்திய நன்றியறிதல் நாள் விருந்துக்கு அவரை மட்டும் அழைக்கவில்லை. பட்டம் பெறாமலே ஆக்ஸ்போர்டைவிட்டுப் போன லாக், பின்னாளில் கறுப்பின அமெரிக்கரின் கலை இலக்கிய இயக்கமான ஹார்லெம் மறுமலர்ச்சியின் வழிகாட்டிகளில் ஒருவராக உயர்ந்தார். அவருக்குப் பின் இன்னொரு கறுப்பின அமெரிக்கர் தேர்வாக 1960-கள்வரை ஆயிற்று. தென்னாப்பிரிக்காவிலோ, கணித மாணவரான லொயிசோ நோங்சா 1978-இல்தான் முதல் கறுப்பின ஆப்பிரிக்கராகத் தேர்வு பெற்றார். வைரம் தோண்டியவர்களின் பிள்ளைகளுக்கு முக்கால் நூற்றாண்டுக் காத்திருப்பு.

ஜெர்மனிக்கான இடங்கள் முதல் உலகப் போரின்போது நீக்கப்பட்டன, பின்னர் மீண்டன, 1939-இல் மறுபடி நின்று, 1970-இல் தொடர்ந்தன. இரு போர்களுக்கிடையே வந்த ஆடம் ஃபான் ட்ரோட், ஹிட்லருக்கு எதிரான சதியில் பங்கேற்று 1944-இல் தூக்கிலிடப்பட்டார்.

உயில் ஆண்களுக்கென்றே எழுதப்பட்டது. 1975-இல் பிரிட்டனில் பாலினப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் வந்த பிறகே அந்த நிபந்தனை திருத்தப்பட்டு, 1977-இல் முதல் பெண்கள் ஆக்ஸ்போர்டு சேர்ந்தார்கள்.

இந்தியாவுக்கு இடம் கிடைத்தது 1947-இல். அவ்வாண்டு தேர்வு பெற்றவர்களில் ஒருவர், பின்னர் மத்திய அரசின் உயர் அதிகாரியான லவ்ராஜ் குமார். தார்வாரில் கணிதம் படித்த கிரீஷ் கர்னாட் 1960-இல் இந்த உதவித்தொகையில் ஆக்ஸ்போர்டுக்குச் சென்றார். புறப்பட ஆயத்தமான நாட்களில்தான் தம் முதல் நாடகமான ‘யயாதி’யைக் கன்னடத்தில் எழுதினார். ஆக்ஸ்போர்டு யூனியன் விவாத மன்றத்தின் தலைவராக இருந்து 1963-இல் திரும்பியவர், ஏழாண்டுகள் சென்னையில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பதிப்பகத்தில் வேலை பார்த்தார்; ‘மெட்ராஸ் பிளேயர்ஸ்’ நாடகக் குழுவிலும் ஈடுபட்டார்.

பெனிசிலினை மருந்தாக்கிய ஹோவர்ட் ஃப்ளோரி, வானியலர் எட்வின் ஹபிள், அமெரிக்க அதிபராக இருந்த பில் கிளின்டன் ஆகியோரும் ரோட்ஸ் மாணவர்களே. 1925-இல் வந்த வில்லியம் ஃபுல்பிரைட், செனட்டராகி 1946-இல் போர்க்கால உபரிப் பொருட்களை விற்ற பணத்தைக் கொண்டு, தம் பெயரில் வழங்கும் பரிமாற்றத் திட்டத்துக்குச் சட்டம் கொண்டுவந்தார்.

2015-இல் கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் மாணவர் போராட்டத்தால் ரோட்ஸின் சிலை அகற்றப்பட்டது. ரோட்ஸ் படித்த ஓரியல் கல்லூரியில் உள்ள அவர் சிலைக்கும் அதே கோரிக்கை எழுந்தது. அங்கே போராடியவர்களில் ரோட்ஸ் உதவித்தொகை பெற்றவரும் இருந்தார். பணத்தை வாங்கிக்கொண்டு பேசலாமா என்று கேட்டவர்களுக்கு, அந்தப் பணம் யாருடைய உழைப்பு என்ற எதிர்க்கேள்வியே தகுந்த பதில். ஓரியல் சிலையை அகற்றுவதில்லை என்று 2021-இல் கல்லூரி முடிவு செய்தது.

2018-இல் அறிவிக்கப்பட்ட உலகளாவிய பிரிவின் வழியே இன்று எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். மதிப்பெண் பட்டியல், பரிந்துரைக் கடிதங்கள், தன்விளக்கக் கட்டுரை ஆகியவற்றை அனுப்பவேண்டும். கட்டுரை பிறர் உதவியின்றித் தானே எழுதியது என்று உறுதிமொழியும் தரவேண்டும். பயிற்சி நிலையங்களுக்குப் பணம் கட்ட முடியாத மாணவருக்கு இது ஓரளவு காப்பு. இறுதி நேர்காணலில் வென்ற பிறகும், ஆக்ஸ்போர்டில் தனியாக விண்ணப்பித்து இடம் பெற்றாக வேண்டும்.