ஊமைப் பூனையும் பேசும் படமும்

வாய் பேசாமலேயே உலகைச் சிரிக்க வைத்த பூனை ஒன்று உண்டு. 1919-இல் அமெரிக்காவில் பாட் சல்லிவன் என்பாரின் சித்திரக்கூடத்தில் தோன்றி, ஆட்டோ மெஸ்மர் என்பார் கையால் வளர்ந்த பெலிக்ஸ் என்னும் கறுப்புப் பூனையே அது. அதன் வால் வேண்டும்பொழுது கைக்கருவியாகும். ஐயம் பிறந்தால் கேள்விக்குறியாகும். பேச்சு அதற்குத் தேவைப்படவில்லை.

1928 நவம்பர் 18-இல் வால்ட் டிஸ்னியின் மிக்கி எலி, சீழ்க்கையடித்துக்கொண்டே நீராவிப் படகோட்டி நியூயார்க்குத் திரையில் தோன்றிற்று. அசைவும் ஒலியும் தாளம் தப்பாமல் அதில் இணைந்திருந்தன. சல்லிவனோ ஒலியை ஏற்கத் தயங்கினார். பிறகு சேர்த்த ஒலியும் பழந்துணியில் வைத்த ஒட்டாகவே நின்றது. சில ஆண்டுகளுக்குள் எலி முந்தியது; பூனை பிந்தியது.

சித்திரங்களுக்கு நேர்ந்த இச்சோதனை நம் நாட்டு நடிகர்களையும் விடவில்லை. பம்பாய் ஊமைப்படங்களில் பெரும்புகழ் பெற்றவர் சுலோசனா. ரூபி மையர்ஸ் என்னும் இயற்பெயருடைய யூத குலப் பெண்மணியாகிய இவருக்கு இந்துஸ்தானி சரளமாக வராது. 1931-இல் 'ஆலம் ஆரா' பேசத் தொடங்கவே, புகழிருந்தும் மொழியில்லாதவரானார். ஆயினும் அவர் நாணி ஒதுங்கவில்லை. மொழியைக் கற்றார்; 1932-இல் 'மாதுரி' பேசும்படத்தில் மீண்டு வந்தார்.

தமிழ் பேசிய முதற்படமாகிய 'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31-இல் வெளிவந்தது. அதில் தமிழோடு தெலுங்கும் கலந்திருந்தது. நாயகி டி. பி. ராஜலட்சுமி நாடக மேடையில் பேசியும் பாடியும் பழகியவராதலின் ஒலிக்கு அஞ்சவில்லை. ஊமைப்படங்களில் உடல்வலிமை காட்டிய புதுக்கோட்டை ராஜா சாண்டோ இயக்குநராகி, புராணப் படங்கள் மலிந்திருந்த 1935-இல் 'மேனகா' என்னும் சமூகக் கதையைத் தமிழில் பேச வைத்தார்.

இதனை எழுதுகிறவன் ஆங்கிலப் பள்ளியில் பயின்ற ஒரு தோட்டக் கிராணி. காலைப் பெரட்டில் தொழிலாளர் பெயர்களைத் தடையின்றி வாசிப்பேன். ஒருமுறை அவர்களே கூட்டிய கூட்டத்தில் தமிழில் நான்கு வார்த்தை பேசும்படி கேட்டபொழுது என் நா எழவில்லை. அன்று என் நிலை பெலிக்ஸின் நிலையே.

பிறையிலும் பினாங்கிலும் பிள்ளைகளைப் பிறமொழிப் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோர் பலர். அதனை நான் குறை கூறேன். மாலையில் அரைமணி நேரமேனும் அவர்களைத் தமிழில் வாய்விட்டுப் படிக்கச் செய்யுங்கள் என்பதே என் வேண்டுகோள். சுலோசனா பிறர் மொழியைக் கற்று மீண்டார். நாம் கற்க வேண்டுவது நம் தாய்மொழியைத்தானே!