ஃபோர்டு 9 அங்குலப் பின் அச்சு

ஃபோர்டு 9 அங்குலப் பின் அச்சு என்பது ஃபோர்டு நிறுவனம் 1957 முதல் 1986 வரை மகிழுந்துகளிலும் சிறு சுமையுந்துகளிலும் பயன்படுத்திய அச்சு வகையாகும். வளையப் பற்சக்கரத்தின் விட்டம் 9 அங்குலம் என்பதே பெயர்க்காரணம். கரடுமுரடான நிலத்தில் ஓட்டுவதற்கென வண்டிகளை மாற்றியமைப்போர் இதனைப் பெரிதும் தெரிவு செய்கின்றனர்.

அமைப்பு

அரைத்தண்டுகளை உருவியபின் பற்சக்கரத் தொகுதியை முன்புறமாக முழுதாகக் கழற்றலாம். ஆகவே பல்விகிதத்தை மாற்றுவது எளிது. சிறு பற்சக்கரமான பினியனை மூன்று தாங்கிகள் தாங்குவதால், பெருஞ்சுமையிலும் அது விலகுவது குறைவு. அரைத்தண்டு முனைகள் 28 அல்லது 31 வரிப்பற்கள் கொண்டவை. 31 பற்களுடையது தடித்தது, வலிமை மிக்கது.

குறைகள்

பினியன் தாழ்வாக அமைந்துள்ளதால் உராய்வு இழப்பு மிகுதி. உயர்த்தப்பட்ட வண்டிகளில் இயக்கத்தண்டின் சாய்வும் கூடுகிறது. வண்டியின் எடையையும் அரைத்தண்டுகளே ஏற்பதால், வெளிமுனையில் முறிந்தால் சக்கரம் கழன்றுவிடக்கூடும். எனவே மிகு எடை வண்டிகளுக்கு, எடையை அச்சுக்கூடு தாங்கும் முழுமிதவை அச்சே ஏற்றதாகும்.