படுக்கை நாள்களின் கணக்கு: குழந்தைகளின் தொடை எலும்பு முறிவில் அறுவைச் சிகிச்சை வந்த வழி

முன்னுரை

புதுச்சேரி நகரின் மேற்கே உள்ள நெல்லித்தோப்பு, இந்திரா காந்தி சிலைச் சந்திப்பை ஒட்டி எந்நேரமும் வண்டி ஓயாத பகுதி. இத்தகைய இடத்தில் இரு சக்கர வண்டி மோதியோ, மாடியிலிருந்து விழுந்தோ ஒரு குழந்தைக்குத் தொடை எலும்பு முறிந்தால் பெற்றோர் நகரத்து அரசு பொது மருத்துவமனைக்கோ கோரிமேட்டு ஜிப்மருக்கோ ஓடுவார்கள். புத்தூர் கட்டே போதும் என்று சொல்லும் உறவினரும் உடன் இருப்பார். மருத்துவரிடம் அவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: மாவுக்கட்டு போதுமா, கம்பி வைக்க வேண்டுமா? இரண்டு வயதுக்கு ஒரு விடை, எட்டு வயதுக்கு இன்னொன்று, பதின்மூன்று வயதுக்கு வேறொன்று என்று இன்று பதில் கிடைக்கிறது. இந்தப் பிரிவினை எவ்வாறு உருவானது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. குழந்தையின் எலும்பு கூடாமல் போனதால் அறுவைச் சிகிச்சை வரவில்லை, கூடும்வரை படுத்திருக்க வேண்டிய நாள்களைக் குறைக்கவே அது வந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கட்டும் இழுவையும்

தொடையைச் சுற்றியுள்ள தசைகள் வலிமையானவை. எலும்பு முறிந்ததும் அவை சுருங்கி, முறிந்த முனைகளை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றிவிடும், கால் குட்டையாகும். ஆகவே தொடை முறிவுக்கான பழைய சிகிச்சைகள் எல்லாம் இழுத்துப் பிடிப்பதையும் அசையாமல் வைப்பதையுமே நோக்கமாகக் கொண்டவை. சுசுருத சம்ஹிதை, கால் முறிந்தவரைப் பலகையில் கிடத்தி முளைகளோடு சேர்த்துக் கட்டும் கபாட சயனம் என்ற முறையைக் கூறுகிறது. தமிழகத்தில் இன்றும் பெயர் பெற்ற புத்தூர் கட்டு, ஆந்திரத்தின் சித்தூர் வட்டாரத்துப் புத்தூரிலிருந்து பரவியது. நாட்டுக் கட்டுகளில் பொதுவாக அஞ்சப்படுவது இறுக்கம். வீங்கும் காலை இறுக்கிக் கட்டினால் இரத்த ஓட்டம் தடைப்பட்டுத் தசை செத்துவிடலாம்.

ஐரோப்பாவும் இதே வழியில்தான் நடந்தது. 1850-களின் தொடக்கத்தில் டச்சு இராணுவ மருத்துவர் அந்தோனியுஸ் மதெய்சன் மாவுக்கட்டைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். லண்டன் கைஸ் மருத்துவமனையின் தாமஸ் பிரையன்ட், 1870-களில் சிறு குழந்தையின் இரு கால்களையும் செங்குத்தாக மேலே தூக்கிக் கட்டி இழுக்கும் முறையை விவரித்தார். குழந்தையின் உடல் எடையே எதிர் இழுவையாகிவிடும். ஆனால் வளர்ந்த குழந்தைகளுக்கு இதைச் செய்தபோது பாதத்துக்கு இரத்தம் போகாமல் ஆபத்து நேர்ந்ததால், சுமார் இரண்டு வயதுக்குட்பட்டவர்களோடு அது நிறுத்தப்பட்டது. வயதைப் பார்த்து முறையை முடிவு செய்யும் வழக்கத்துக்கு இது ஒரு தொடக்கம். லிவர்பூலின் ஹியூ ஓவன் தாமஸ் வடிவமைத்த தாமஸ் சட்டமும், மெல்போர்னின் ஹாமில்டன் ரஸ்ஸல் 1924-இல் வெளியிட்ட இழுவை முறையும் பெரிய குழந்தைகளுக்குப் பயன்பட்டன. சில வாரம் இழுவை, பிறகு இடுப்பிலிருந்து பாதம்வரை மாவுக்கட்டு என்பது இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதிக்கும் வழக்கமாக இருந்தது.

கத்தியை விலக்கி வைத்த காலம்

1939-இல் ஜெர்மனியின் கீல் நகரில் கெர்ஹார்ட் கூன்ட்ஷர், முறிந்த தொடை எலும்பின் மஜ்ஜைக் குழாய்க்குள் நீண்ட உலோக ஆணியைச் செலுத்தி நிலைநிறுத்தினார். பெரியவர்களின் தொடை முறிவுச் சிகிச்சையை இது காலப்போக்கில் மாற்றிவிட்டது. குழந்தை மருத்துவம் மட்டும் இதைத் தொடாமல் விலகி நின்றதற்கு வலுவான காரணங்கள் இருந்தன.

முதலாவது, குழந்தையின் எலும்பு தானே கூடிவிடும். பச்சிளங்குழந்தைக்கு இரண்டு மூன்று வாரங்களும், ஐந்து வயதுக் குழந்தைக்குச் சுமார் ஆறு வாரங்களும் போதும். சற்றுக் கோணலாகக் கூடினாலும் வளர வளர அது நேராகும். முறிவினால் இரத்த ஓட்டம் தூண்டப்பட்டு அந்தக் கால் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக வளர்வதும் உண்டு. அதனால் முனைகள் சிறிது ஏறிக் கூடினாலும் குறை ஈடுசெய்யப்படும். இரண்டாவது, கூன்ட்ஷர் ஆணியின் பாதை குழந்தைக்கு ஆபத்தானது. தொடை எலும்பின் தலைக்கு இரத்தம் செல்லும் நாளங்கள் அது நுழையும் இடத்தருகே ஓடுகின்றன. அவை அறுபட்டால் எலும்புத் தலை செத்துவிடும். இடுப்பு மூட்டு ஆயுளுக்கும் கெடும். அமெரிக்காவின் வால்டர் பிளவுன்ட் 1950-களின் நடுவில் வெளியிட்ட குழந்தைகளின் எலும்பு முறிவுகள் பற்றிய நூல், அறுவையைத் தவிர்க்கும் இந்த நிலைப்பாட்டுக்கு உலகளவில் ஆதாரமாயிற்று.

புதுச்சேரியின் மருத்துவக் கல்வி புதிதாக அமைந்ததும் அதே ஆண்டுகளில்தான். பிரெஞ்சுக்காரர்கள் 1823-இல் நிறுவிய மருத்துவப் பள்ளி, 1954-இல் ஆட்சி கைமாறியபின் 1956-இல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரியாகவும் 1964-இல் ஜிப்மராகவும் உருமாறியது. அப்போது எங்கும் குழந்தையின் தொடை முறிவுக்கு இழுவையும் மாவுக்கட்டுமே பாடம்.

நான்சி நகரின் இரு கம்பிகள்

மாற்றம் பிரான்சின் நான்சி நகரிலிருந்து வந்தது. 1970-களின் இறுதியிலிருந்து அங்கே ழான்-போல் மெத்தெஸோ, ழான் பிரேவோ, லிழியே முதலியோர் வளையும் மெல்லிய ஆணிகளைக் குழந்தைகளுக்குப் பொருத்தி வந்தனர். முழங்காலுக்குச் சற்று மேலே, எலும்பு நீளும் இடமான வளர்ச்சித் தட்டுக்கு எட்டாத தூரத்தில், தொடையின் இருபக்கமும் சிறு துளையிட்டு ஒவ்வோர் ஆணி செலுத்தப்படும். முன்கூட்டியே வில்லாக வளைக்கப்பட்ட இரண்டும் உள்ளே எதிரெதிர் சுவர்களை அழுத்தி முறிவைத் தாங்கும். எலும்புத் தலையின் நாளங்களுக்கும் வளர்ச்சித் தட்டுக்கும் தீங்கு நேராது. முறிந்த இடத்தைத் திறக்க வேண்டியதுமில்லை; எக்ஸ்ரே திரையைப் பார்த்தே செய்யலாம். முறிவு முனைகள் சிறிதளவு அசைவதால் புது எலும்பு வேகமாகப் படிகிறது என்பது இம்முறையின் அடிப்படைக் கருத்து.

1988-இல் பிரிட்டனின் எலும்பு மருத்துவ இதழில் இக்குழு 123 தொடை முறிவுகளின் முடிவுகளை வெளியிட்டது. எலும்பு கூடுவதில் ஒன்றுகூடத் தாமதமாகவில்லை. ஒருவருக்கு எலும்பில் தொற்று ஏற்பட்டது. 13 குழந்தைகளுக்கு ஆணி முனை உறுத்தித் தோலில் புண் வந்தது. குழந்தைகள் விரைவில் காலூன்ற முடிந்தது என்பதே கவனிக்கத்தக்க சாதனை. உலகின் பெரும்பகுதிக்கு இந்தப் பிரெஞ்சு முறையைப் பரவலாக அறிய வைத்தது இந்த ஆங்கிலக் கட்டுரைதான். அதே காலத்தில் வெளியிலிருந்து சட்டமிட்டுப் பொருத்தும் முறையும் எழுந்தது. சட்டத்தைக் கழற்றியபின் எலும்பு மீண்டும் முறிவது அதன் குறையாக இருந்ததால், இன்று அது பெரும்பாலும் திறந்த காயங்களுக்கும் பலமான விபத்துகளுக்கும் ஒதுக்கப்படுகிறது.

எடையும் விலையும்

புதிய முறைக்கும் எல்லை உண்டு என்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. ஆறு மையங்களின் 234 முறிவுகளை ஆராய்ந்து 2006-இல் வெளிவந்த கட்டுரை, 49 கிலோவுக்கு மேல் எடையுள்ள குழந்தைகளிடம் டைட்டானியம் ஆணியின் விளைவு மோசமாவதைக் கண்டது. 2008-இல் சின்சினாட்டி மருத்துவர்கள் டைட்டானியம் ஆணியையும் எஃகு ஆணியையும் ஒப்பிட்டார்கள். கோணலாகக் கூடியது டைட்டானியத்தில் 23 விழுக்காடு, எஃகில் 6 விழுக்காடு. எஃகின் விலையோ மிகக் குறைவு. கம்பியின் விலையைக் குடும்பமே கொடுக்க நேரும் நாட்டில் இது மேற்குலகைவிடப் பொருள் பொதிந்த முடிவு.

2009-இல் அமெரிக்க எலும்பு அறுவை மருத்துவர் கழகத்தின் வழிகாட்டி இவற்றைத் தொகுத்தது: ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரை இடுப்பு மாவுக்கட்டு, ஐந்து முதல் பதினொன்றுவரை வளையும் ஆணி, அதற்கு மேல் எலும்புத் தலையின் நாளங்களை விலக்கி நுழையும் உறுதியான ஆணி அல்லது தசைக்கு அடியில் செருகும் தகடு.

வேலூரின் மதிப்பீடு

இத்தனை மாற்றத்துக்கும் சான்று எவ்வளவு உறுதியானது? இக்கேள்வியை எடுத்துக்கொண்டவர்கள் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர். விருஷா மாதுரி தலைமையில் 2014-இல் வெளியான, சிகிச்சை ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் மதிப்பாய்வு, 10 ஒப்பீட்டு ஆய்வுகளையும் அவற்றில் பங்கேற்ற 527 குழந்தைகளையும் அலசியது. அறுவை செய்தால் எலும்பு கோணலாகக் கூடுவது குறைகிறது. ஆனால் கடுமையான பக்கவிளைவுகள் கூடலாம். வளையும் ஆணி தேறும் காலத்தைக் குறைக்கக்கூடும். பல ஆண்டுகள் கழித்துக் காலின் செயல்திறனில் வேறுபாடு உண்டா என்று சொல்லப் போதிய சான்று இல்லை. பிளவுன்ட் காலத்து எச்சரிக்கையும் நான்சியின் நம்பிக்கையும் ஒருங்கே நிற்கும் மதிப்பீடு இது.

முடிவுரை

எலும்பு கூடுவதில் பழைய முறைகள் பெரிதாகத் தோற்கவில்லை. அவை கேட்ட விலை காலம்: இழுவையில் கிடக்கும் வாரங்கள், மாவுக்கட்டுக்குள் அடங்கும் மாதங்கள், கூலி வேலையை விட்டுக் கட்டிலருகே காத்திருக்கும் தாயோ தகப்பனோ. வளையும் ஆணி அக்காலத்தைச் சுருக்கியது. பதிலுக்கு மயக்க மருந்து, தொற்று அபாயம், கம்பியின் செலவு, பெரும்பாலும் அதை எடுக்க இரண்டாவது அறுவை ஆகியவற்றைக் கொண்டுவந்தது. சிறு குழந்தைக்கு மாவுக்கட்டே இன்றும் உயர்ந்த சிகிச்சையாக நீடிப்பதற்கும் இக்கணக்கே காரணம்: அவர்களுக்கு எலும்பு கூடும் காலமே குறைவு என்பதால், கம்பி மிச்சப்படுத்தும் நாள்களும் குறைவு. ஆகவே ஆணியின் கோணத்தையும் காலின் நீளத்தையும் அளக்கும் ஆய்வுகளோடு, பள்ளி தவறிய நாள்கள், பெற்றோர் இழந்த கூலி, கம்பி எடுக்க மீண்டும் வந்த செலவு ஆகியவற்றையும் புதுச்சேரி போன்ற ஊர்களின் மருத்துவமனைகள் பதிவு செய்ய வேண்டும். இந்த மாற்றத்தை உந்தியது எதுவோ, அதை அளந்தால்தான் எந்தக் குழந்தைக்கு எது பொருந்தும் என்பதை இங்குள்ள சான்றைக் கொண்டே சொல்ல முடியும்.