கீறுமுன் அறிதல்

முதுமையில் தோலில் தோன்றும் மருக்களும் கட்டிகளும் பெரும்பாலும் தீங்கற்றவையே. எனினும் அவற்றுள் எது கழலை, எது புற்று எனப் பிரித்தறிவதே முதற்கடமை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இதை வலியுறுத்தியவர், குர்துபாவின் அறுவை மருத்துவ மேதை அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி (936–1013).

முப்பது பாகங்களைக் கொண்ட அவரது 'அத்தஸ்ரீஃப்' நூலின் இறுதிப் பாகம் அறுவை மருத்துவம் பற்றியது. அரபியில் 'ஸில்ஆ' எனப்படும் கழலையைக் கீறுமுன், 'மிதஸ்' என்னும் கூர்கருவியை மெல்லச் செலுத்தி உள்ளிருப்பது இன்னதென அறியச் சொல்கிறார். கழலையை உறையோடு முழுமையாக அகற்ற வேண்டும்; உறையில் சிறிது எஞ்சினும் அது மீண்டும் வளரும் என்பது அவர் கண்ட உண்மை. நாட்பட்டுப் பெருத்த புற்றையோ அணுகவே வேண்டாம் என்கிறார். அத்தகையதைத் தாம் குணப்படுத்தியதுமில்லை, பிறர் குணப்படுத்தக் கண்டதுமில்லை என ஒளிவின்றி எழுதுகிறார்.

12-ஆம் நூற்றாண்டில் கிரிமோனாவின் கெரார்டு இப்பாகத்தை இலத்தீனில் பெயர்த்தார். அதன்பின் பல நூற்றாண்டுகள் ஐரோப்பா இதைப் பயின்றது.

இன்று 'மிதஸ்' செய்த பணியைத் தோல் உருப்பெருக்கியும் திசுப் பரிசோதனையும் செய்கின்றன. தீங்கற்றதென உறுதியானால், தொல்லை தராத கட்டியை அப்படியே விட்டுவிடலாம். ஆனால் நிறம் மாறினாலோ, விரைந்து வளர்ந்தாலோ, இரத்தம் கசிந்தாலோ காட்டாதிருத்தல் தகாது. நம் இல்லங்களிலோ முதியோரின் மருவைச் சுண்ணாம்பிட்டு எரிக்கும் வழக்கம் இன்னும் உண்டு. இன்னதென அறியாமல் எரிப்பது, அஸ்ஸஹ்ராவி ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கடந்துவிட்ட அறியாமையாகும்.