டிகாக்ஷன்

ராயப்பேட்டை மணிக்கூண்டிலிருந்து மயிலாப்பூரை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், விடியற்காலையில் எந்த வீட்டு அடுக்களையில் செவி கொடுத்தாலும், "டிகாஷன் இறங்கிடுத்தா?" என்றோ "இறங்கிடுச்சா?" என்றோ ஒரு வினா எழாமல் இராது. அந்தச் சிறு வாக்கியத்தில் பெயர்ச்சொல் ஐரோப்பிய மருந்துச்சாலையிலிருந்து வந்தது; வினைச்சொல் நம்முடையது. இவ்விரண்டும் ஒன்றோடொன்று உடன்படாமலேயே மூன்று நான்கு தலைமுறைகளாக ஒரே வாயில் குடித்தனம் நடத்தி வருவது சொல்லாராய்ச்சியில் ருசியுள்ளோர் கவனிக்க வேண்டிய விஷயம்.

காப்பி என்னும் பெயரின் வரலாறு ஓரளவு நேரானது. அரபு மொழியில் கஹ்வா, துருக்கியில் கஹ்வே, டச்சில் கோஃபி, ஆங்கிலத்தில் காஃபி என்று துறைமுகந்தோறும் உருமாறி வந்த அச்சொல், ஆங்கிலேயர் வழியாக நமக்குக் காப்பியாயிற்று. யாழ்ப்பாணத்தார் இன்றும் கோப்பி என்பதில் டச்சுக்காரர் ஆண்ட காலத்தின் ஓசை ஒட்டியிருக்கிறது. ஆற்காட்டு நவாபின் வம்சத்தார் வசிக்கும் அமீர் மஹால் இதே ராயப்பேட்டையில்தான் இருக்கிறது; அவர்களுடைய உருதுவிலோ மூலமான கஹ்வா ஏறக்குறைய சிதையாமல் வழங்குகிறது. ஆக, பெயர் எவ்வழி வந்தாலும் பொருள் மாறவில்லை. சிக்கல், அந்தப் பானத்தின் சாரத்துக்கு நாம் வைத்திருக்கும் பெயரில்தான் இருக்கிறது.

டிகாக்ஷன் என்பது கொதிக்க வைத்துச் சுண்டச் செய்தல் என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து பிறந்தது. மேனாட்டு மருந்து நூல்களில், பட்டையையும் வேரையும் நீரிலிட்டுக் காய்ச்சி வடித்தால்தான் அந்தப் பெயர். வெந்நீரில் ஊறவைத்தால் வேறு பெயர். பொடியின் ஊடே துளித்துளியாக நீரை இறங்கவிட்டுச் சத்தைக் கவர்ந்தால் அதற்கும் தனிப்பெயர். நம் ஆயுர்வேதமும் இந்த நுட்பத்தில் பின்தங்கியதன்று. ஸ்வரஸம், கல்கம், க்வாதம், ஹிமம், பாண்டம் எனக் கஷாய கல்பனையை ஐவகையாகப் பிரித்து, நாலில் ஒரு பங்காகவோ எட்டில் ஒரு பங்காகவோ சுண்டக் காய்ச்சுவது க்வாதம் என்றும், பொடியில் வெந்நீர் வார்த்து வடிப்பது பாண்டம் என்றும் அது வகுத்தது. பித்தளை பில்டரின் மேலடுக்கில் பொடியை இட்டு, தண்டு வைத்த துளைத்தட்டால் மெல்ல அமுக்கி, கொதித்த நீரை வார்த்து மூடி, கீழடுக்கில் சாறு சேரும்வரை காத்திருக்கும் நம் கிரியையில் பொடி ஒரு கணமும் அடுப்பைக் காண்பதில்லை. அப்படியானால் சாஸ்திரப்படி நாம் பருகுவது பாண்டமே தவிரக் க்வாதம் ஆகாது.

பின் இந்தப் பெயர் எப்படி ஒட்டிக்கொண்டது? பாத்திரத்தைவிடப் பெயர் மூத்தது என்பதே என் துணிபு. பில்டர் வீடுதோறும் வருமுன் பொடியைக் கஷாயம்போலவே கொதிக்கவிட்டுத் துணியில் வடிகட்டிய வழக்கத்தை முதியோர் சொல்லக் கேட்டவர் பலர். துருக்கியர் இன்றும் பொடியோடு காய்ச்சியே குடிக்கிறார்கள். 1800ஐ ஒட்டிப் பாரீஸில் டி பெல்வா என்பவர் பெயரால் வழங்கிய ஈரடுக்குப் பாத்திரம் வந்த பிறகே மேனாட்டில் வடிமுறை பரவியது. டிரெஸ்டன் நகரத்து இல்லத்தரசி மெலிட்டா பென்ட்ஸ் மையொற்றுத்தாளை வடிதாளாக்கியதோ 1908இல். காய்ச்சிய காலத்தில் பொருத்தமாக வைத்த பெயரை, காய்ச்சுவதை விட்ட பிறகும் நாம் விடவில்லை.

ஆனால் தமிழ் வினைகள் ஏமாறவில்லை. கஷாயத்தைக் காய்ச்சுகிறோம், குழம்பை வைக்கிறோம், டிகாக்ஷனையோ 'போடுகிறோம்', அது 'இறங்குகிறது'. பொடி மிகவும் நைந்திருந்தால் 'இறங்கமாட்டேன் என்கிறது'. பருமனாக இருந்தால் 'தண்ணியாக இறங்கிவிட்டது'. பாலுடன் சேர்க்கையில் 'கலக்கிறோம்'. எந்த இல்லத்தரசியும் "டிகாஷன் காய்ச்சினேன்" என்று சொல்லிக் கேட்டதில்லை. அகராதி தவறிய இடத்தை அடுக்களை தானாகவே திருத்திக்கொண்டது. இதைவிட வேடிக்கை சுக்குக் காப்பி: சுக்கும் மல்லியும் கருப்பட்டியும் சேர்த்துக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சுவதால் உண்மையான டிகாக்ஷன் அதுவே, அதில் காப்பிப்பொடி பெரும்பாலும் இருப்பதே இல்லை, பெயர் மட்டும் காப்பி!

அடுக்களையை விட்டு ஹோட்டலுக்கு வருவோம். 1938இல், உடுப்பிப் பக்கத்திலிருந்து வந்த கே. கிருஷ்ணராவ், ராமநாதபுரம் ஜமீனுக்குரிய மாளிகை ஒன்றில் உட்லண்ட்ஸ் ஹோட்டலைத் தொடங்கியது இந்த ராயப்பேட்டையில்தான். கன்னடத்திலும் தெலுங்கிலும் இதே சொல் வழங்குவதால், பரிமாறுபவரும் பருகுபவரும் வெவ்வேறு தாய்மொழியினராக இருந்த உடுப்பி ஹோட்டல்களில் "டிகாஷன் தூக்கலா ஒண்ணு" என்பதற்கு மொழிபெயர்ப்பே வேண்டியதில்லை. பொடிக்கடையில் பீபரிக் கொட்டையும் பிளான்டேஷன் கொட்டையும் பாதிப் பாதி என்று சொல்பவர், சிக்கரி எவ்வளவு என்று கடைக்காரர் கேட்கும்போது மட்டும் சற்றுக் குரலைத் தாழ்த்துவார். நிறமும் கெட்டியும் தருவது சிக்கரி. சட்டம் அதை 49 சதவீதம் வரை பொறுத்துக்கொள்கிறது, ரசிகர் பொறுப்பதில்லை.

இன்னொரு வழக்கையும் சொல்லவேண்டும். ஒருமுறை இறங்கிய பொடியிலேயே மறுபடி வெந்நீர் வார்த்து எடுப்பது இரண்டாம் டிகாக்ஷன். முதலாவது வீட்டுப் பெரியவருக்கும் சம்பந்திக்கும் போக, இரண்டாவது தாமதமாக எழுந்தவருக்கும் வேண்டா விருந்தாளிக்கும் போகும். வந்தவர் முதல் வாயிலேயே தம் மதிப்பைத் தெரிந்துகொள்வார். காப்பிச்செடியின் பிறப்பிடமான எத்தியோப்பியாவிலோ, ஜெபெனா என்னும் மண்கூஜாவில் ஒரே பொடியை மும்முறை காய்ச்சி, அபோல், தோனா, பரக்கா என்று பெயரிட்டு, கூடியவர் அனைவருக்கும் மும்முறையும் வார்க்கிறார்கள். மூன்றாவதாகிய, சுவை மிகக் குறைந்த அந்தப் பரக்காவுக்கு ஆசீர்வாதம் என்று பொருள். அதைப் பருகாமல் எழுந்து போவதே அங்கே மரியாதைக் குறைவு.